அடிபடறதுக்கு முன்னாடி அவன் எப்படி இருந்தான்?

கேள்வி (பெருசா இருந்துச்சு, சுருக்கி போட்டிருக்கேன்): டாக்டர் மேடம், எங்களுக்கு திண்டுக்கல் பக்கம். பையனுக்கு 11 வயசு, ஆறாவது படிக்கிறான். ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த புதுசுல அவங்கப்பா கூட பைக்ல டேங்க் மேல உக்காந்து போறப்ப நாய் குறுக்க வந்து ரெண்டு பேரும் விழுந்துட்டாங்க. 9 நாள் ஆஸ்பத்திரில இருந்தோம். ஆபரேஷன் எல்லாம் இல்ல, லேசா ரத்தக்கட்டு, தானா கரைஞ்சிடும்னு சொல்லி அனுப்பிட்டாங்க, ஒரே மாசத்துல பழையபடி ஓடி ஆட ஆரம்பிச்சிட்டான். நாங்களும் அதை மறந்தே போயிட்டோம். இப்ப ஒரு வருஷமா ஸ்கூல்ல ஒரே கம்ப்ளைண்ட், கவனமே இல்ல, போர்டுல எழுதறத முடிக்கறதே இல்ல, பேனா பென்சில் எல்லாம் தொலைக்கிறான், சட்டுனு கோவம் வருதுனு. ஒரு டாக்டர்கிட்ட காமிச்சோம், ஒரு ஃபார்ம் குடுத்து டிக் அடிக்க சொல்லி பத்து நிமிஷத்துல ஏடிஹெச்டினு (கவனம் நிக்காம, துறுதுறுனு, அவசரமா இருக்கற குறைபாடு) எழுதிட்டாங்க. என் நாத்தனார் பையனுக்கும் அது இருக்கு, மாத்திரை சாப்பிடறான். என் மாமியார் செல்லம் குடுத்து கெடுத்துட்டேன்னு சொல்றாங்க. எனக்கு அந்த ஆக்சிடெண்ட் தான் உறுத்துது, ஆனா அதை எடுத்தாலே வீட்டுக்காரர் எந்திரிச்சு போயிடறார். இது ஏடிஹெச்டியா, அடிபட்டதால வந்ததா? எதுவா இருந்தா என்ன, மாத்திரை ஒண்ணு தானனு நாத்தனார் கேக்கறாங்க, அது சரியா?

பதில்:

வணக்கம்மா. முதல்ல ஒண்ணு, லெட்டர் பூரா என்னை டாக்டர்னு எழுதியிருக்கீங்க, நான் மாத்திரை எழுதற டாக்டர் இல்ல, நியூரோ சைக்காலஜிஸ்ட். மூளைல அடிபட்டவங்க, வலிப்பு வர்றவங்க இவங்களோட ஞாபகம், கவனம், யோசிக்கற வேகம் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணி பாக்கறது தான் என் வேலை. அதனால மாத்திரை பத்தி நான் சொல்றது ஒரு எல்லைக்குள்ள தான் இருக்கும்.

நீங்க அனுப்பின டிஸ்சார்ஜ் சம்மரி போட்டோவ ரெண்டு தடவ படிச்சேன். அந்த ஃபார்ம்ல நீங்க போட்ட டிக்க விட இந்த ஒரு பேப்பர்ல தான் விஷயம் இருக்கு. அட்மிஷன் அன்னிக்கு ஜிசிஎஸ் 11னு எழுதியிருக்காங்க பாருங்க. 1974ல கிளாஸ்கோல ரெண்டு டாக்டருங்க கொண்டு வந்த ஸ்கோர் அது. கண்ணு முழிக்கறது, பேசறது, கை கால் அசைக்கறது மூணையும் பாத்து 3ல இருந்து 15 வரைக்கும் மார்க் போடுவாங்க. 13ம் அதுக்கு மேலயும் லேசான அடி, 8ம் அதுக்கு கீழயும் ரொம்ப பலமான அடி, 9ல இருந்து 12 வரைக்கும் நடுத்தரம். உங்க பையனோடது நடுத்தரம்மா, லேசான அடி கிடையாது. அடுத்த வரில ரைட் ஃப்ரண்டல் கன்ட்யூஷன்னு இருக்கு, அப்படினா வலது பக்க நெத்திக்கு பின்னாடி இருக்கற மூளைல கன்னிப்போயிருக்கு. அதோட நீங்களே போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க, "நாலு நாள் யாருனே தெரியாம ஒளறிட்டு இருந்தான், என்னையே அத்தைனு கூப்ட்டான்"னு. எனக்கு அந்த நாலு நாள் தான் ரொம்ப முக்கியம். அடிபட்டதுக்கு அப்புறம் புதுசா எதையும் மனசுல நிறுத்த முடியாம குழம்பி இருக்கற காலம் எவ்வளவு நீளுதோ அதை வெச்சு தான் பின்னாடி என்ன மிச்சம் இருக்கும்னு ஓரளவு கணிப்போம், சில சமயம் ஸ்கேன விட அது நல்லா சொல்லும்.

ஆஸ்பத்திரில உங்ககிட்ட ஒண்ணும் பயமில்லனு சொன்னது பொய் இல்ல, உயிருக்கு பயமில்லங்கற அர்த்தத்துல சொன்னது. நம்ம எல்லாரும் அதை "சரியாகிடுச்சு"னு எடுத்துக்கறோம். குழந்தைங்களுக்கு நடை, பேச்சு, ஓட்டம் எல்லாம் சீக்கிரம் திரும்பி வந்துடும், வெளிய பாக்கறவங்களுக்கு பழைய புள்ள தான். கவனம், பொறுமை, ஒரு வேலைய ஆரம்பிச்சு முடிக்கற திட்டம், இதெல்லாம் கண்ணுக்கு தெரியாது, அதுலயும் ஆறு வயசு புள்ளகிட்ட யாரும் அதை பெருசா எதிர்பாக்கறதும் இல்ல.

இப்ப நேரா கேள்விக்கு வரேன். ஏடிஹெச்டியா அடிபட்டதால வந்ததானு பிரிச்சு சொல்ற ரத்த டெஸ்டோ ஸ்கேனோ எதுவும் கிடையாது. அந்த டிக் அடிக்கற ஃபார்மாலயும் முடியாது, ஏன்னா அது இப்ப என்ன இருக்குனு மட்டும் தான் கேக்குது, எப்போ இருந்து இருக்குனு கேக்கல. அதை சொல்ற ஒரே சாட்சி அடிபடறதுக்கு முன்னாடி இருந்த ஆறு வருஷம்.

பிறவியிலேயே வர்ற ஏடிஹெச்டிக்கு ஆரம்ப தேதினு ஒண்ணு இருக்காது. கேட்டா அம்மாங்க சிரிச்சுட்டே சொல்வாங்க, தவழ்ந்த நாள்ல இருந்தே இப்படி தான் மேடம், ஒரு இடத்துல உக்காந்து சோறு தின்னதில்ல, பால்வாடி டீச்சர் ரெண்டாவது நாளே கூப்ட்டு விட்டாங்கனு. சில குழந்தைங்க, முக்கியமா பொண்ணு குழந்தைங்க, இப்படி துள்ளாம அமைதியா ஜன்னல பாத்துட்டு இருப்பாங்க, அது லேட்டா தான் கண்ணுல படும், ஆனா தோண்டி கேட்டா அதோட நூல் பின்னாடி போய்ட்டே இருக்கும். டிஎஸ்எம்-5னு மனநல டாக்டருங்க வெச்சிருக்கற புத்தகத்துல கூட 12 வயசுக்கு முன்னாடியே பல அறிகுறி இருந்திருக்கணும், வீடு ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும், ஆறு மாசத்துக்கு மேல நீடிக்கணும்னு தான் இருக்கு, வேற காரணம் எதாவது இதை இன்னும் நல்லா விளக்குதானும் பாக்க சொல்லுது. உங்க பையனுக்கு 12 ஆகல, அதனால கட்டத்துல டிக் அடிச்சா பொருந்தும் தான். அந்த கடைசி கேள்விய தான் பத்து நிமிஷத்துல கேக்க முடியாது.

அடிபட்ட குழந்தையோட கதைல ஒரு "அதுக்கு அப்புறம்" இருக்கும். தேதி சொல்ல முடியும். சில நேரம் அந்த "அப்புறம்" வருஷக்கணக்குல தள்ளி வரும், அதுல தான் எல்லாரும் ஏமாந்துடறோம். அடிபட்டது ஒண்ணாங்கிளாஸ்ல, கம்ப்ளைண்ட் வந்தது அஞ்சாவது ஆறாவதுல, நடுவுல நாலு வருஷம் நல்லா தான இருந்தான், அப்ப எப்படி ஆக்சிடெண்ட் காரணமாகும்னு உங்க மாமியார் கேட்டிருக்காங்க, நியாயமான கேள்வி தான். நெத்திக்கு பின்னாடி இருக்கற மூளை பகுதி நம்ம மூளைலயே ரொம்ப லேட்டா முதிர்ற இடங்கள்ல ஒண்ணு, இருவத்தஞ்சு வயசு வரைக்கும் கூட அதுல வேலை நடந்துட்டு இருக்கும். ஒண்ணாவது ரெண்டாவதுல அந்த இடத்துக்கு பெரிய வேலையே இல்ல. அஞ்சாவது வரைக்கும் ஒரே கிளாஸ் டீச்சர், புத்தகத்த எடு, இதை எழுது, இப்ப மூடு, டைரில இனிஷியல் வாங்குனு அந்தம்மா தான் நாப்பது புள்ளைங்களுக்கும் சேத்து முன்மூளையா இருப்பாங்க. ஆறாவதுல பாடத்துக்கு ஒரு டீச்சர், ஒவ்வொருத்தருக்கும் ஒரு ரூல், ஏழெட்டு நோட்டு, ப்ராஜெக்ட் வேற. அன்னிக்கு அடிபட்ட இடத்துக்கு இப்ப தான் முதல் முதலா வேலை வந்திருக்கு. சின்ன வயசுல மூளை ரப்பர் மாதிரி, எல்லாம் ஆறிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, பேச்சு விஷயத்துல அது ஓரளவு உண்மை. கவனத்துக்கு அப்படி இல்ல, வளர வேண்டிய நேரத்துல அடிபட்டா வளர்ச்சியே கொஞ்சம் தடுமாறும்.

இதை நான் சும்மா சொல்லல. 2018ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, 3 வயசுல இருந்து 7 வயசுக்குள்ள தலைல அடிபட்டு ஆஸ்பத்திரில சேர்ந்த பசங்களையும், அதே வயசுல கை கால் எலும்பு மட்டும் முறிஞ்சு சேர்ந்த பசங்களையும் கிட்டத்தட்ட ஏழு வருஷம் விடாம பாத்தாங்க. முன்னாடியே ஏடிஹெச்டி இருந்த பசங்கள சேக்கல. ரொம்ப பலமா தலைல அடிபட்டவங்களுக்கு புதுசா ஏடிஹெச்டி மாதிரி வந்த வாய்ப்பு எலும்பு முறிஞ்சவங்கள விட மூணரை மடங்கு அதிகம், அதுலயும் சில பேருக்கு பல வருஷம் கழிச்சு தான் தெரிய வந்துச்சு. உங்க பையன் அந்த ரொம்ப பலமான பிரிவுல இல்ல, அதையும் சேத்தே சொல்லிடறேன். இதுல இன்னொரு விஷயமும் இருந்துச்சு, அதை உங்க வீட்டுக்காரர் பத்தி பேசறப்ப சொல்றேன்.

ஸ்கேன்ல இப்ப ஒண்ணும் இல்லனு வந்தா என்ன அர்த்தம்னு கேட்டிருந்தீங்க. தலை வேகமா போய் மோதறப்ப மூளை ஓட்டுக்குள்ள வழுக்கிட்டு போகும், நெத்தி பக்கமும் பொட்டு பக்கமும் ஓட்டோட உள்தரை வழுவழுனு இருக்காது, கரடுமுரடா எலும்பு துருத்திட்டு இருக்கும், அதுல உரசி தான் பெரும்பாலும் அந்த ரெண்டு இடம் கன்னிப்போகுது. அது சிடி ஸ்கேன்ல தெரியும். ஆனா அதே நேரத்துல மூளைக்குள்ள ஓடற நரம்பு இழைங்க இழுபட்டு நைஞ்சு போகும். தொடுத்த பூச்சரத்த வெடுக்குனு இழுத்தா பூ எல்லாம் அப்படியே இருக்கும், உள்ள நாரு விட்டிருக்கும்ல, அந்த மாதிரி. சிடி பூவ தான் காட்டும், நாரை காட்டாது. எம்ஆர்ஐல சில விசேஷ படங்கள் எடுத்தா பழைய சின்ன சின்ன ரத்தக்கசிவு தழும்பு தெரியலாம், அப்பவும் தெரியாமலே போகலாம். அதனால இப்ப நீங்களா போய் ஸ்கேன் எடுக்காதீங்க, நியூராலஜிஸ்ட் (மூளை நரம்பு டாக்டர்) கேட்டா எடுங்க.

சரி, ரெண்டும் ஒரே மாதிரி தான இருக்கும், பாத்தா எப்படி வித்தியாசம் தெரியும்? சொல்றேன், ஆனா இது கோடு போட்டு பிரிச்ச மாதிரி இருக்காது.

ரெண்டு புள்ளைங்க ஞாபகத்துக்கு வர்றாங்க, அடையாளம் மாத்தி சொல்றேன். ஒருத்தன் ஒம்பது வயசு, பிறவி ஏடிஹெச்டி. ரூமுக்கு வந்த ரெண்டு நிமிஷத்துல என் நாற்காலில உக்காந்து சுத்திட்டு இருந்தான். கேள்விய முடிக்கறதுக்குள்ள பதில், பாதி தப்பு. ஆனா பிடிச்ச விஷயம்னா, அவனுக்கு லாரி மாடல், முக்கா மணி நேரம் அசையாம பேசினான். இன்னொருத்தி பத்து வயசு, மாடிப்படில விழுந்து அடிபட்டவ. கூப்பிட்டா திரும்பவே மூணு செகண்டு ஆகும். கேள்வி கேட்டா கண்ணு எங்கயோ போகும், நான் அடுத்த கேள்விக்கு போலாம்னு நினைக்கறப்ப பதில் வரும், பதில் சரி! முதல் இருவது நிமிஷம் பிரமாதமா செஞ்சா, நாப்பதாவது நிமிஷத்துல ஒண்ணும் ஓடல, மேசைல தலைய சாச்சுட்டா, அவளுக்கு பிடிச்ச கலர் பென்சில் வேலைய குடுத்தும் எந்திரிக்கல. ஸ்கூல் ஃபார்ம்ல ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே ஸ்கோர்.

அந்த பையனோட கவனம் நழுவுது, பிடிச்சு இழுத்தா வரும். அவளோடது தீந்து போகுது, இழுத்தா வராது, ரெஸ்ட் குடுத்தா தான் வரும். என்கிட்ட வர்ற அடிபட்ட பசங்ககிட்ட நான் அதிகமா பாக்கறது இந்த ரெண்டும் தான், யோசிக்கற வேகம் குறையறது, சீக்கிரம் களைச்சு போறது. கூடவே தலைவலி, தூக்கம் கெடறது, சட்டுனு அழுகையோ கோவமோ வந்து அஞ்சு நிமிஷத்துல "நான் ஏன் அப்படி கத்தினேன்"னு அவங்களே முழிக்கறது. அவசரம், பொறுக்க முடியாம குறுக்க பேசறது எல்லாம் ரெண்டு பக்கமும் இருக்கும், அதை வெச்சு பிரிக்க முடியாது. நெத்தி பக்கம் அடிபட்டிருந்தா அப்படியே ஏடிஹெச்டி மாதிரியே தெரியும்.

உங்க லெட்டர்ல உங்க பையன் சொன்னதா ஒரு வரி, "அம்மா நான் எழுதறதுக்குள்ள போர்ட அழிச்சிடறாங்க". எனக்கு அந்த வரி போதும்னு தோணுச்சு. போர்டுல இருந்து எழுதறதுனா சும்மா இல்ல, நிமிர்ந்து பாக்கணும், நாலு வார்த்தைய மனசுல பிடிக்கணும், குனியணும், எந்த வரினு தேடணும், எழுதணும், திரும்ப நிமிர்ந்து விட்ட இடத்த கண்டுபிடிக்கணும். வேகம் குறைஞ்ச புள்ளைக்கு ஒரு பீரியட்ல இது நூறு தடவ. டீச்சர் கண்ணுக்கு கவனம் இல்லாம தெரியுது, அவன் கண்ணுக்கு போர்டு ஓடுது.

ஆனா அவசரப்பட்டு நானும் ஒரு முத்திரை குத்த மாட்டேன். ஏடிஹெச்டி இருக்கற பசங்களுக்கு அடிபடற வாய்ப்பே மத்தவங்கள விட அதிகம், ரோட்ட பாக்காம ஓடுவாங்க, மதில் ஏறுவாங்க. அதனால முன்னாடியே லேசா இருந்து, அடிபட்டதும் பெருசாகி இருக்கவும் வாய்ப்பு உண்டு. பைக்ல டேங்க் மேல உக்காந்து விழுந்தது அவன் தப்பு இல்ல தான், இருந்தாலும் அந்த ஆறு வருஷ கதை வேணும். நாத்தனார் பையனுக்கு இருக்குனு சொன்னீங்க. ஏடிஹெச்டி குடும்பத்துல ஓடற விஷயம் தான், இரட்டை குழந்தைங்கள வெச்சு பாத்த ஆய்வுகள்ல 70-80 சதவீதம் வரைக்கும் பரம்பரைனு சொல்றாங்க. ஆனா அத்தை பையனுக்கு இருக்குங்கறது தூரத்து சாட்சி, அப்பாவோ கூடப்பிறந்தவங்களோ எப்படினு பாக்கறது தான் கிட்டத்து சாட்சி. உங்க வீட்டுக்காரர் ஆறாவது படிக்கறப்ப எப்படி இருந்தார்னு தெரிஞ்ச ஆள் உங்க மாமியார் தான! அவங்களோட சண்டை போடாம அந்த கதைய வாங்குங்க. செல்லம் குடுத்து ஏடிஹெச்டியும் வராது, மூளைல காயமும் வராது, ஆனா அவங்க ஞாபகம் உங்களுக்கு வேணும்.

ஒரு சின்ன விஷயம், வேடிக்கையா இருக்கும். நூறு வருஷத்துக்கு முன்னாடி இது தலைகீழா இருந்துச்சு. 1917, 18 வாக்குல உலகம் பூரா ஒரு மூளைக்காய்ச்சல் பரவுச்சு, அதுல பொழச்ச குழந்தைங்க சில பேர் அடங்காம, பொறுமை இல்லாம மாறிப்போனாங்க. அதை பாத்த டாக்டருங்க, அப்ப துறுதுறுனு இருக்கற எல்லா குழந்தைக்கும் மூளைல எங்கயோ கண்ணுக்கு தெரியாத காயம் இருக்கணும்னு முடிவு பண்ணி, "மினிமல் பிரெய்ன் டேமேஜ்"னு பேரே வெச்சாங்க. காயத்துக்கு ஆதாரமே இல்லாத குழந்தைங்களுக்கும் அந்த பேர். 1960கள்ல தான் அது தப்புனு மெதுவா விட்டாங்க. இப்ப நம்ம ஊர்ல எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கோம், டிஸ்சார்ஜ் சம்மரில காயம்னு எழுதி இருக்கற புள்ளைக்கும் அதை பிரிச்சு பாக்காம பிறவி ஏடிஹெச்டினு எழுதறோம்.

எதுவா இருந்தா என்ன, மாத்திரை ஒண்ணு தானனு நாத்தனார் கேட்டது பாதி சரி. மாத்திரை பல நேரம் ஒண்ணு தான். ஆனா மாத்திரைக்கு முன்னாடி பாக்க வேண்டியதும், மாத்திரையோட சேத்து செய்ய வேண்டியதும் வேற வேற.

முன்னாடி பாக்க வேண்டியதுல முதல்ல வலிப்பு. கீழ விழுந்து கை கால் இழுக்கறது மட்டும் வலிப்பு இல்ல, பேசிட்டே இருக்கறப்ப சில செகண்டு அப்படியே உறைஞ்சு போய், தோள தொட்டாலும் தெரியாம, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி தொடருவான். கனவு காண்ற புள்ளைய தொட்டா திரும்பிடும், இது திரும்பாது. அப்படி எதாவது பாத்தா போன்ல வீடியோ எடுத்து நியூராலஜிஸ்ட்கிட்ட காமிங்க, இஈஜி (மூளையோட மின் அலைய பாக்கற டெஸ்ட்) தேவையானு அவங்க சொல்வாங்க. டிஸ்சார்ஜ் அப்ப குடுத்த வலிப்பு மாத்திரை இன்னும் ஓடுதா, எப்ப நிறுத்தினாங்கனு நீங்க எழுதல. சில வலிப்பு மருந்துங்களே புள்ளைய எரிச்சல் பட வைக்கும், ஃபீனோபார்பிட்டோன் மாதிரி பழைய மருந்து துறுதுறுப்ப கூட்டவும் செய்யும். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, ஓடுதுனா டாக்டர்கிட்ட கேளுங்க. அடுத்தது காது. தலை பக்கவாட்டுல அடிபட்டா கேக்கறது குறையலாம், கவனிக்கலனு திட்டு வாங்கற புள்ளைக்கு ஒரு காது மந்தம்னு கண்டுபிடிச்ச கேஸ் என்கிட்டயே உண்டு. கண்ணு, ரத்தசோகை, தூக்கத்துல குறட்டை, இதெல்லாம் ஒரே நாள்ல பாத்துடலாம். ஹாரன் சத்தத்துக்கு தூக்கிவாரி போடுதுனு எழுதியிருந்தீங்க, அது ஆக்சிடெண்ட் பயம் மிச்சம் இருக்கறதா இருக்கலாம், மனசுக்குள்ள பயம் ஓடிட்டு இருந்தா கவனமும் போகும், அதையும் தனியா பேசி பாக்கணும்.

மாத்திரை பத்தி. மெத்தில்ஃபெனிடேட் தான் வழக்கமா முதல்ல பேசற மருந்து. பிறவி ஏடிஹெச்டிக்கு நல்லா சோதிச்ச மருந்து, பத்துல ஏழு பேர் கிட்ட கேக்கும். அடிபட்டதால வந்ததுக்கு நடந்த ஆய்வுங்க சின்ன சின்னது, சிலதுல நல்ல பலன், சிலதுல பெருசா இல்ல. அதனால குடுக்கவே கூடாதுனு இல்ல, கம்மியா ஆரம்பிச்சு, பசி, தூக்கம், எடை, நாடி எல்லாம் பாத்துட்டே மெதுவா போவாங்க, வலிப்பு சந்தேகம் இருந்தா நியூராலஜிஸ்ட்டும் சேந்து முடிவு பண்ணுவாங்க. மெடிக்கல்ஸ்ல இது சுலபமா கிடைக்காது, போதை மருந்தானு பயந்து கேக்கறாங்க நிறைய பேர். சட்டத்துல இதை ஷெட்யூல் எக்ஸ்னு கட்டுப்பாடான பட்டியல்ல வெச்சிருக்காங்க, கடைக்கு தனி லைசென்ஸ் வேணும், சீட்டு ரெண்டு காப்பி வேணும், அதனால தான். டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா அந்த பயம் தேவை இல்ல. ஆனா ஒண்ணு, மாத்திரை குடுத்து கவனம் கூடிடுச்சுனா "பாத்தியா, அப்ப ஏடிஹெச்டி தான்"னு யாராவது சொல்வாங்க, நம்பாதீங்க. 1978லயே எந்த பிரச்சனையும் இல்லாத சின்ன பசங்களுக்கு இதே ரகத்து மருந்து ஒரே ஒரு டோஸ் குடுத்து பாத்திருக்காங்க, அவங்களுக்கும் கவனம் கூடுச்சு. மருந்து கேக்கறது நோய் என்னனு சொல்லாது.

இப்ப உங்களுக்கு கசக்கற ஒண்ணு. ஸ்கூல் விட்டு நாலரைக்கு வரான், அஞ்சரைல இருந்து ஏழரை ட்யூஷன், சனிக்கிழம அபாகஸ், ஞாயித்துக்கிழம ஹிந்தி. கவனம் கூடட்டும்னு தான் அபாகஸ்ல சேத்தீங்க, எனக்கு புரியுது. ஆனா களைச்சு போற மூளைக்கு இது நேர் எதிர். வீட்டுக்கு வந்ததும் தரைலயே படுத்துக்கறான்னு சோம்பேறித்தனம் மாதிரி எழுதியிருக்கீங்க, அவன் டேங்க் காலி ஆகி வந்து விழறாம்மா. ட்யூஷன ஒரு மாசம் நிறுத்தி பாருங்க, இல்லனா முக்கா மணி நேரமா குறைங்க. வந்ததும் எதாவது சாப்ட்டுட்டு அரை மணி நேரம் டிவி போன் எதுவும் இல்லாம சும்மா கிடக்கட்டும், தூங்கினாலும் தூங்கட்டும். அப்புறம் இருவது நிமிஷம் படிப்பு, பத்து நிமிஷம் வெளிய. ராத்திரி ஒம்பதரைக்கு லைட் ஆஃப். பிறவி ஏடிஹெச்டி புள்ளைக்கு நான் இவ்வளவு ரெஸ்ட் சொல்ல மாட்டேன், அவனுக்கு ஓட விடுங்க, உடனே உடனே சின்ன சின்ன பரிசு குடுங்கனு சொல்வேன். மாசம் முழுக்க ரெஸ்ட் குடுத்து சாயங்கால கோவம் பாதியா குறைஞ்சா அதுவே எனக்கு ஒரு தகவல்.

கண்ண கட்டிட்டு படிக்க வைக்கறோம், நடுமூளைய முடுக்கி விடறோம்னு ஒரு கும்பல் ஊர் ஊரா வரும். காசு குடுத்துடாதீங்க, அது ஏமாத்து வேலை. மாமியார் பண்ற வல்லாரை துவையல் தாராளமா சாப்பிடட்டும், நல்ல கீரை, கவனத்த சரி பண்ணும்னு மட்டும் நம்பி உக்காந்துடாதீங்க. கடைல வாங்கற லேகியம் குடுக்கறதா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லிட்டு குடுங்க.

ஸ்கூலுக்கு போறப்ப டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸ் எடுத்துட்டு போங்க. "என் பையனுக்கு கவனம் இல்ல"னு ஆரம்பிச்சா அவங்களும் ஆமாங்க ஆமாங்கனு ஒரு மணி நேரம் கம்ப்ளைண்ட் படிப்பாங்க. "ஆறு வயசுல மூளைல அடிபட்டு இருக்கு, யோசிக்க நேரம் கூட ஆகுது, ஆனா பதில் வரும்"னு ஆரம்பிங்க, பேச்சே வேற மாதிரி போகும். கேக்க வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல, டீச்சருங்ககிட்ட இப்படி கேளுங்க. போர்ட நீங்க ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, இல்லனா பக்கத்து பையன் நோட்ட பாத்து எழுதட்டும். பத்து கணக்குல அஞ்சு போட்டா போதும், புரிஞ்சுதானு தெரிஞ்சிடும். ஒரு நேரத்துல ஒரு வேலை சொல்லுங்க. கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அதுக்குள்ள அடுத்தவன கேட்டுடாதீங்க. தண்டனையா பி.டி. பீரியட மட்டும் புடுங்காதீங்க. பரீட்சைல கூட நேரம் வேணும்னா ஸ்கூல் அளவுல எச்எம் மனசு வெச்சா இப்பவே குடுக்கலாம். பத்தாவது பொதுத்தேர்வுல ஒரு மணி நேரம் கூடுதல், சொல்றத எழுத ஆள் இதெல்லாம் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உண்டு, ஆனா அதுக்கு அரசு மருத்துவக்குழு சான்றிதழ் வேணும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, ஏடிஹெச்டினு தனியா அதுல இல்ல, கற்றல் குறைபாடு இருக்கு. அதனால டெஸ்ட் பண்றப்ப படிக்கறது எழுதறதுலயும் குறை இருக்கானு சேத்து பாக்க சொல்லுங்க, ஒம்பதாவது வந்து தேடாதீங்க, அப்ப அலைச்சல் தான்.

டெஸ்ட் எங்க பண்றதுனா, ஆர்சிஐல (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட. அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல குழந்தைங்களுக்கான ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கும், 18 வயசு வரைக்கும் பாப்பாங்க, காசு இல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ்ல நம்ம ஊர் பசங்கள வெச்சே உருவாக்கின டெஸ்ட் தொகுப்பு 5 வயசுல இருந்து 15 வயசு வரைக்கும் இருக்கு, அது தெரிஞ்சவங்களா இருந்தா நல்லது. ஐக்யூ நம்பர் மட்டும் எழுதி குடுத்தா திருப்பி கேளுங்க, வேகம் எவ்வளவு, ஞாபகம் எவ்வளவு, நேரம் ஆக ஆக எப்படி இறங்குதுனு தனித்தனியா வேணும்னு. அடிபட்ட பல பசங்களுக்கு ஐக்யூ நார்மல் தான் வரும், அதை பாத்துட்டு "ஒண்ணும் இல்ல, திமிரு"னு முடிச்சுடுவாங்க.

வீட்டுக்காரர் விஷயம். அந்த ஆய்வுல இன்னொண்ணு இருக்குனு சொன்னேன்ல, தலைல அடிபட்ட பசங்கள்ல எந்த வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போகாம இருந்தாங்களோ அங்க இந்த பிரச்சனை வர்றது நல்லா கூடியிருந்துச்சு, எலும்பு முறிஞ்ச பசங்களுக்கு வீட்டு நிலைமையால அவ்வளவு வித்தியாசம் வரல. அடிபட்ட மூளைக்கு வீட்டோட அமைதி மருந்து மாதிரினு நான் எடுத்துக்கறேன். அவர் எந்திரிச்சு போறது அக்கறை இல்லாம இல்லம்மா, அஞ்சு வருஷமா தினமும் அந்த நாய் அவர் கண்ணு முன்னாடி குறுக்க ஓடிட்டு இருக்கும். "ஆக்சிடெண்ட்னால தான்"னு நீங்க சொல்றப்ப அவர் காதுல "உன்னால தான்"னு விழுது. யார் தப்புங்கறத விட்டுட்டு, "இந்த பேப்பர டாக்டர்கிட்ட கொண்டு போகணும், அன்னிக்கு எப்படி விழுந்தான், எவ்வளவு நேரம் மயக்கம்னு உங்களுக்கு தான தெரியும்"னு கேளுங்க. நேர்ல பாத்த ஒரே ஆள் அவர் தான், நிஜமாவே அது வேணும்.

ஹெல்மெட் பத்தி சொல்லாம போக மனசு வரல. இன்னொரு தடவ அதே தலைல அடிபடக்கூடாது, லேசான அடி கூட. சைக்கிள் ஓட்டலாமானு கேட்டிருந்தீங்க, தாராளமா, அவன் தலைக்கு சரியான சைஸ் ஹெல்மெட்டோட. பைக்ல நாலு வயசுக்கு மேல யாரா இருந்தாலும் ஹெல்மெட் கட்டாயம்னு 2019 மோட்டார் வாகன சட்டத் திருத்தத்துலயே இருக்கு, அதுக்கு கீழ இருக்கற குழந்தைக்கும் ஹெல்மெட்டும் ஓட்றவரோட சேத்து கட்ற பெல்ட்டும் வேணும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாதுனு 2022ல விதி வந்துச்சு. எங்க தெருவுலயே தினமும் காலைல டேங்க் மேல நாலு குழந்தை போகுது, நான் கத்தி கத்தி ஓஞ்சுட்டேன்.

இந்த வாரம் ஒரு நோட்டு எடுங்க. பழைய போன்ல, வாட்சப்ல அவன் அஞ்சு வயசு வீடியோ இருக்கும், பிறந்தநாள், ஆண்டு விழா டான்ஸ், எல்லாத்தையும் தேடுங்க. கதை சொன்னா முழுசா கேப்பானா, சாப்பாட்டுக்கு உக்காருவானா, கடைக்கு கூட்டிட்டு போனா கைய விட்டு ஓடுவானா, தெரிஞ்ச வரைக்கும் எழுதுங்க, நல்லது கெட்டது ரெண்டும். யூகேஜி ரிப்போர்ட் கார்ட தூக்கி போடலனு எழுதியிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம், அதையும் வெச்சுக்கோங்க. அந்த யூகேஜி டீச்சர் இன்னும் அதே ஸ்கூல்ல தான் இருக்காங்கனீங்க. அவங்கள போய் பாருங்க. ஏடிஹெச்டி, ஆக்சிடெண்ட் எதையும் சொல்லாதீங்க, சொல்லிட்டா அதுக்கு தகுந்த மாதிரி தான் ஞாபகம் வரும். "மிஸ், உங்க கிளாஸ்ல அவன் எப்படி இருந்தான்"னு மட்டும் கேட்டுட்டு, அவங்க பேசறத அப்படியே எழுதிட்டு வாங்க.